ஒரே போர்டு, ஐந்து கார்டு: 95, வார்ப், என்டி, டெபியன், 2000

"ஓஎஸ்/2 வார்ப்தான் விண்டோஸ் 95-ஐவிட உசத்தி, விளம்பரத்தில் தோற்றுப்போச்சு" என்று சொல்லாத பழைய கம்ப்யூட்டர்காரர் கிடையாது. "என்டிதான் அசல் ஓஎஸ், 95 வெறும் டாஸ்" என்று இன்னொரு கோஷ்டி. (டாஸ் என்பது விண்டோஸுக்கு முந்தைய எழுத்துத்திரை ஓஎஸ்.) லினக்ஸ்காரர்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பார்கள். வாயால் பேசித் தீர்கிற வழக்கு இல்லை இது. அதனால் ஒரே மெஷினில் விண்டோஸ் 95, ஐபிஎம்மின் ஓஎஸ்/2 வார்ப், விண்டோஸ் என்டி, டெபியன் லினக்ஸ், விண்டோஸ் 2000 என்ற ஐந்து ஓஎஸ்களையும் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள்) ஏற்றி, முடிந்தவரை ஒரே கொடுமையைச் செய்து பார்த்தேன். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மெஷின்

இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் போர்டு, பென்டியம் 2, 350 மெகாஹெர்ட்ஸ். சென்னை ரிச்சி தெருப் பக்கம் பழைய சாமான் குவியலில் எடுத்தது. 1998-இல் வந்த சிப்செட் என்பதால் இந்த ஐந்துமே அதோடு ஒத்துப்போகும். புதிய மெஷினில் செய்தால் என்ன என்று கேட்கலாம். 95-ஐப் புதிய மெஷினில் நேராக ஏற்ற முடியாது. சிபியு 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினால், அதன் நெட்வொர்க் டிரைவரான என்டிஐஎஸ் பூட் ஆகும்போதே "விண்டோஸ் புரொடெக்‌ஷன் எரர்" சொல்லி நின்றுவிடும். சிபியுவின் வேகத்தை அளக்க ஒரு லூப்பை ஓடவிட்டு, எடுத்த நேரத்தால் வகுக்கிறது அது. வேகமான சிபியுவில் லூப் நொடியில் முடிந்து நேரம் பூஜ்யம் என்று வரும், பூஜ்யத்தால் வகுத்தல் நடக்கும், கதை முடிந்தது. ஏஎம்டி கே6-2 சிபியு 350-ஐத் தொட்டபோதே 95-க்கு இதே மாதிரி ஒரு சிக்கல் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் பிழைக்கும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

பவர் சப்ளையில் வெளியீட்டுப் பக்கத்து கெப்பாசிட்டர்கள் இரண்டு தலை உப்பியிருந்தன. அதே மைக்ரோஃபாரட், கொஞ்சம் கூடுதல் வோல்ட், 105 டிகிரி ரகம் வாங்கி மாற்றினேன். பிறகு லோடு கொடுத்து மல்ட்டிமீட்டரில் 5 வோல்ட் லைனைப் பார்த்தேன். 4.75-க்குக் கீழே போனால் ஓஎஸ் தொங்குகிறதா, மின்சாரம் தொங்குகிறதா என்றே தெரியாது. இந்த மாதிரிச் சோதனைக்கு அது முக்கியம். போர்டில் சிஆர்2032 பேட்டரி புதிது. கிராஃபிக்ஸுக்கு எஸ்3 டிரையோ64 பிசிஐ கார்டு. 90களின் நடுவில் வந்த எந்த ஓஎஸ்ஸும் இதற்கு டிரைவர் இல்லை என்று சொல்லாது. நெட்வொர்க் கார்டு போடவில்லை, இந்த வயதுக்காரர்களை இணையத்தில் விடக்கூடாது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஐடிஇ அடாப்டரில் காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு, ஓஎஸ்ஸுக்கு ஒன்று. அளவு 4 ஜிபி. என்டி 4.0 இன்ஸ்டால் ஆகும்போது முதலில் ஃபேட் என்ற பழைய கோப்பு முறையில் பார்ட்டிஷன் போட்டு, பிறகு என்டிஎஃப்எஸ் என்ற தன் கோப்பு முறைக்கு மாற்றிக்கொள்ளும். அதனால் 4 ஜிபிக்கு மேல் அந்தக் கட்டத்தில் கொடுக்க முடியாது. வார்ப் சிடியில் இருக்கிற ஐடிஇ டிரைவருக்கும் பெரிய டிஸ்க் ஆகாது. ஃபிளாப்பிக்கு, பென் டிரைவை ஃபிளாப்பியாகக் காட்டும் கோடெக் (Gotek) பெட்டி ஒன்று, நிஜ டிரைவ் ஒன்று. நிஜ டிரைவ் எதற்கு என்பது பிறகு வரும்.

ஏற்றியது

95-இல் எழுத ஒன்றுமில்லை. ஓஎஸ்ஆர்2 என்கிற 1996 பதிப்பு, ஃபேட்32 தெரியும், ஏறிவிட்டது. 2000-ம் அப்படியே.

வார்ப் 4 மூன்று ஃபிளாப்பியில் பூட் ஆகி அதற்குப் பிறகுதான் சிடியைக் கேட்கும். 1996-இல் வெளிவந்தது. பூட் ஆகும்போது திரையின் இடது மேல் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டமும் அதில் ஓஎஸ்/2 என்ற எழுத்தும் தெரியும். அந்த நொடியில் ஆல்ட்–எஃப்1 அழுத்தினால் மீட்பு மெனு. இந்த ஒரு விஷயத்தை எழுதி மானிட்டரில் ஒட்டிவையுங்கள். கான்ஃபிக்.சிஸ் என்கிற ஒரே கோப்பில் எல்லா டிரைவரும் வரிசையாக உட்கார்ந்திருக்கும், ஒரு வரி தப்பினால் வெள்ளைக் கட்டத்தோடு நின்றுவிடும்.

ஆனால் ஏறி முடித்ததும் அசந்துதான் போனேன். ஒவ்வொரு ஐகானும் ஒரு ஆப்ஜெக்ட். கலர் பலகையிலிருந்து ஒரு நிறத்தை மவுசால் இழுத்து எந்த ஃபோல்டர் மேல் போட்டாலும் ஒட்டிக்கொள்ளும். ரெக்ஸ் என்ற ஸ்கிரிப்ட் மொழி உள்ளேயே இருக்கிறது. மைக்கில் பேசினால் எழுதும் வசதி சிடியோடு வந்தது, 1996-இல்! டாஸ் புரோகிராம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எவ்வளவு மெமரி, எந்த மவுஸ் என்று செட்டிங் வைக்கலாம். வங்கிகளின் ஏடிஎம்களில் இது நெடுங்காலம் ஓடியது வீண் இல்லை.

என்டி 4.0-ம் 1996. 95-இன் முகத்தை என்டிக்கு மாட்டிய பதிப்பு. யுஎஸ்பி கிடையாது, பிளக் அண்ட் பிளே கிடையாது. சவுண்டு கார்டின் ஐஆர்க்யூ எண் (சிபியுவைக் கூப்பிட அது பயன்படுத்தும் எண்) உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

டெபியன் 2.2, கெர்னல் (ஓஎஸ்ஸின் உட்கரு) 2.2 வரிசை, 2000 ஆகஸ்ட் வெளியீடு. மற்றவற்றோடு ஒப்பிட இது கொஞ்சம் இளையது, அதை மனதில் வைத்தே படியுங்கள். லினக்ஸில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் விண்டோவை எழுப்ப மானிட்டரின் கிடைமட்ட, செங்குத்து அலைவரிசைகளைக் கையால் எழுதிக்கொடுக்க வேண்டும். பழைய சிஆர்டியில் இதைத் தப்பாகக் கொடுத்தால் மானிட்டரே போகலாம் என்று ஆவணம் எச்சரிக்கும்.

தொங்கவிடும் சோதனை

ஓபன் வாட்காம் கம்பைலர் ஒரே இடத்திலிருந்து 16-பிட் விண்டோஸ் (பழைய 3.1 ரகம்), 32-பிட் விண்டோஸ் (95, என்டி ரகம்), ஓஎஸ்/2 மூன்றுக்கும் புரோகிராம் கட்டித்தரும். ஒரு ஜன்னல், ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால் முடிவே இல்லாத லூப். டெபியனுக்கு மட்டும் அதையே ஜிசிசியில் எக்ஸ்லிப் வைத்து எழுதினேன். கூடவே, பின்னணியில் நொடிக்கொரு எண்ணை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும் இன்னொரு குட்டிப் புரோகிராம். திரை செத்துப்போனாலும் உள்ளே கெர்னல் உயிரோடு இருந்ததா என்பதை ரீபூட் செய்த பிறகு அந்தக் கோப்பு சொல்லும்.

95-இல் 32-பிட் பட்டனை அழுத்தினேன். அந்த ஜன்னல் மட்டும் நின்றது. கன்ட்ரோல்–ஆல்ட்–டெலீட், எண்ட் டாஸ்க், போயிற்று. 16-பிட் பட்டனை அழுத்தினேன். மவுஸ் அம்பு நகர்கிறது, ஸ்டார்ட் பட்டன் அசையவில்லை, பக்கத்து ஜன்னல்கள் பாதி வரைந்தபடி நிற்கின்றன. கன்ட்ரோல்–ஆல்ட்–டெலீட்டுக்குச் சில தடவை பெட்டி வந்தது, சில தடவை "காத்திரு, அல்லது ரீஸ்டார்ட் செய்" என்கிற நீலத்திரை. ரீபூட் செய்து கோப்பைப் பார்த்தால் எண்கள் விடாமல் ஓடியிருக்கின்றன! கெர்னல் சாகவில்லை. 95-இல் ஜன்னல் நிர்வாகமும் வரைதலும் பெரும்பகுதி விண்டோஸ் 3.1-இலிருந்து வந்த 16-பிட் கோடு (புரோகிராம் வரிகள்). ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதற்குள் போகலாம் என்று வின்16மியூடெக்ஸ் என்ற பூட்டு இருக்கிறது. 16-பிட் புரோகிராம் ஓடும்போது அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டே ஓடும். அது திரும்பவில்லை என்றால் பிரேக் டவுன் ஆன பஸ் மறித்த ஒற்றைவழிப் பாலம்தான்.

வார்ப்பில் பட்டனை அழுத்தினேன். இங்கே ஜம்பமாக எல்லாம் ஓடும் என்று எதிர்பார்ப்பீர்கள். மவுஸ் அம்பு நகர்கிறது, கிளிக் எடுபடவில்லை. அதே காட்சி! காரணம் வேறு. வார்ப்பின் கோடு பெரும்பகுதி 32-பிட், மல்ட்டிடாஸ்க்கிங் அசல். ஆனால் அதன் ஜன்னல்களை நிர்வகிக்கும் பிரசன்டேஷன் மேனேஜரில் கீபோர்டு, மவுஸ் செய்திகள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. முன்னால் நிற்பவர் தன் செய்தியை முடித்தால்தான் அடுத்தவருக்குக் கதவு. இதை முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. முந்தைய கீ ஒருவேளை ஃபோகஸை வேறு ஜன்னலுக்கு மாற்றினால், அடுத்த கீ அந்தப் புதிய ஜன்னலுக்குத்தானே போக வேண்டும்? அது தெரியும்வரை நிறுத்திவைக்கிறது. தர்க்கம் சரி, விளைவு கொடுமை. பிறகு ஐபிஎம் ஒரு ஒட்டு போட்டது. கன்ட்ரோல்–எஸ்கேப் அழுத்திக் கொஞ்சம் பொறுத்தால், பதில் சொல்லாத புரோகிராமை மூடவா என்று கேட்கிறது. வார்ப் 4-இல் அது வேலை செய்தது, பெரும்பாலும்.

என்டியில் 16-பிட் பட்டன் அழுத்தியதும் ஒன்றும் ஆகவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 16-பிட் புரோகிராம்களை ஓட்டும் என்டிவிடிஎம்-ஐக் கொன்றேன். கூடத் திறந்திருந்த மற்ற 16-பிட் புரோகிராம்களும் சேர்ந்து போயின, ஏனென்றால் எல்லோரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். "தனி மெமரியில் ஓட்டு" என்கிற கட்டத்தை டிக் செய்து ஓட்டினால் அதுவும் நடக்காது. டெபியனில் அந்த ஜன்னல் மட்டும் உறைந்தது, ஜன்னலைக் கொல்லும் எக்ஸ்கில் கட்டளை போதும். எக்ஸ் சர்வரையே கெடுத்தாலும் கன்ட்ரோல்–ஆல்ட்–எஃப்1 அழுத்தி இன்னொரு கன்சோலில் லாகின் செய்ய முடிந்தது.

இங்கே நிறுத்தியிருந்தால் தீர்ப்பு எளிது: என்டியும் லினக்ஸும் மேலே, 95-ம் வார்ப்பும் கீழே.

மற்ற சில கொடுமைகள்

நிஜ ஃபிளாப்பியை ஃபார்மேட் செய்துகொண்டே வேறு வேலை பார்ப்பது அந்தக் காலத்து ஓஎஸ்/2 ரசிகர்களின் பெருமைக்குரிய வித்தை. உண்மைதான். வார்ப்பில் ஃபிளாப்பி கரகரவென்று ஓட, டைப் செய்வதில் தடங்கலே இல்லை. பிரசன்டேஷன் மேனேஜர் தொங்கியபோதுகூட ஃபார்மேட் நிற்காமல் முடிந்தது. 95-இல் ஃபார்மேட் ஓடும்வரை மற்றதெல்லாம் நொண்டியடித்தது.

கோப்புகளைக் காப்பி செய்யும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். 95 அடுத்த பூட்டில் டிஸ்க்கைச் சரிபார்க்கும் ஸ்கேன்டிஸ்க்கை ஓட்டியது. வார்ப்பின் கோப்பு முறையான ஹெச்பிஎஃப்எஸ் செக்டிஸ்க்கில் நின்று நிதானமாக எல்லாவற்றையும் புரட்டியது. டெபியனின் எக்ஸ்ட்2-ம் அதே ரகம். மாற்றங்களை லாகில் குறித்துவைக்கும் எக்ஸ்ட்3 லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது 2001 இறுதியில்தான். என்டிஎஃப்எஸ் மட்டும் தன் லாகைப் படித்துச் சரிசெய்துகொண்டு சட்டென்று எழுந்தது. பாதி காப்பியான கோப்பு பாதியாகவேதான் இருந்தது, அது வேறு விஷயம். லாக் பாதுகாப்பது கோப்பு அமைப்பின் கணக்கை, உங்கள் கோப்பின் உள்ளடக்கத்தை அல்ல.

சும்மா விட்டுவிட்டு சுவரில் வாட் மீட்டரைப் பார்த்தேன். ஒரு வேலையும் இல்லாதபோது என்டியும் லினக்ஸும் சிபியுவை நிறுத்திவைக்கும், ஹெச்எல்டி என்ற கட்டளை அதற்கென்றே இருக்கிறது. 95 சும்மா இருக்கும்போதும் லூப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும், ஹீட் சிங்க்கைத் தொட்டாலே தெரிகிறது. தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் 95 தொங்கிவிடும் என்ற புகழ்பெற்ற பிழையை நான் சோதிக்கவில்லை. மில்லிசெகண்டை எண்ணும் 32-பிட் எண்ணி அன்று நிரம்பிவிடுகிறது. ஓஎஸ் வெளிவந்து சில வருடம் கழித்தே அது கண்டுபிடிக்கப்பட்டது என்பதிலிருந்து, அதுவரை யாருடைய 95-ம் அத்தனை நாள் விடாமல் ஓடியதில்லை என்று ஊகிக்கலாம்.

16 எம்பி

மேலே சொன்ன எல்லாமே 128 எம்பி ராமில் செய்தவை. 1995-இல் வீட்டுக் கம்ப்யூட்டரில் 4 அல்லது 8 எம்பிதான் இருக்கும். 128 எம்பியில் வைத்து அந்தக் காலத்து ஓஎஸ்களுக்கு மார்க் போடுவது நியாயமில்லை. 128-ஐக் கழற்றிவிட்டு, இந்தப் போர்டுக்குக் கிடைத்த சின்ன டிம்மான (மெமரிப் பலகை) 16 எம்பியை மாட்டினேன்.

வரிசை தலைகீழானது. 95 எந்த முணுமுணுப்பும் இல்லாமல் வேலை செய்தது. வேர்ட்பேட், பெயின்ட், ஒரு டாஸ் கேம், எல்லாம் சரி. என்டி லாகின் திரை வரை வந்தது. அதன் பிறகு ஒரு ஃபோல்டரைத் திறப்பதற்கே கார்டின் எல்இடி அணையாமல் எரிகிறது. என்டி 4.0-க்குக் குறைந்தது 12 எம்பி போதும் என்று மைக்ரோசாப்ட் சொன்னது, பூட் ஆவதற்குப் போதும் என்பதுதான் அதன் பொருள் போல. வார்ப்பில் மெமரி போதாதபோது டிஸ்க்கில் எழுதும் ஸ்வாப்பர்.டாட் கோப்பு வீங்கிக்கொண்டே போனது. அழகான அந்த ஆப்ஜெக்ட் டெஸ்க்டாப் இழுக்கிற மெமரியைப் பார்த்தால், அதை அந்தக் கால 8 எம்பி வீட்டுக் கம்ப்யூட்டரில் யார் வைத்திருப்பார்கள்? டெபியன் கன்சோலில் ராஜா, எக்ஸில் சின்ன விண்டோ மேனேஜரோடு தாக்குப்பிடித்தது, பிரவுசரைத் திறந்ததும் மூச்சு வாங்கியது. 2000-ஐ இந்தச் சோதனைக்கு இழுக்கவில்லை, அது கேட்டதே 64 எம்பி.

95-இன் அந்த அசிங்கமான 16-பிட் கோடு ஏன் உள்ளே விடப்பட்டது என்பது இப்போதுதான் புரிந்தது. அதே கோடை 32-பிட்டில் எழுதினால் மெமரி கூடும், பழைய புரோகிராம்களும் உடையும். 4 எம்பியில் ஓட வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டு கட்டிய ஓஎஸ் அது. மறுபக்கம், 128 எம்பியைத் திரும்ப மாட்டினாலும் 95-க்கு அதனால் பெரிய லாபமில்லை. ஜன்னல்களைத் திறந்துகொண்டே போனால், மெமரி ஏராளமாக மிச்சம் இருக்கும்போதே "ரிசோர்ஸ் குறைந்துவிட்டது" என்கிறது. 64 கேபிக்கு மேல் வளர முடியாத 16-பிட் மெமரித் தொகுதிகள் நிரம்பிவிடுகின்றன.

ஓஎஸ்/2-வின் விதியே மெமரியோடு மல்லுக்கட்டியது. ஐபிஎம்மும் மைக்ரோசாப்ட்டும் சேர்ந்து 1.0-ஐ வெளியிட்டது 1987 டிசம்பரில். 286 சிபியுவுக்கு என்று கட்டப்பட்டதால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டாஸ் புரோகிராம்தான் ஓடும். அடுத்த வருடமே மெமரிச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு, விலை எகிறியது. 1990-இல் விண்டோஸ் 3.0 விற்பனையில் பிய்த்துக்கொண்டு போனது, கூட்டணி முறிந்தது. ஐபிஎம் 1992-இல் கொடுத்த 32-பிட் 2.0 உண்மையிலேயே நல்ல பொருள். ஆனால் விண்டோஸ் 3.0 புரோகிராம்களை அது அத்தனை நன்றாக ஓட்டியதால், ஓஎஸ்/2-க்கென்று தனியாக எழுத யாருக்கும் அவசியம் வரவில்லை. 95 வந்து 32-பிட் விண்டோஸ் புரோகிராம்கள் பெருகியபோது அவற்றை வார்ப்பால் ஓட்ட முடியவில்லை. விளம்பரத்தால் தோற்றது என்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

என்டியை எழுதிய டேவ் கட்லர், டெக் நிறுவனத்தில் விஎம்எஸ் கட்டியவர், 1988-இல் மைக்ரோசாப்ட்டுக்கு வந்தார். அவர் குழு முதலில் கட்டத் தொடங்கியது ஓஎஸ்/2-வின் அடுத்த தலைமுறையைத்தான். முதல் பதிப்பு 1993-இல் வந்தபோது அதற்குத் தேவையான மெமரி வீடுகளில் இல்லை. மெமரி விலை இறங்க இறங்க அது வீட்டை நோக்கி நடந்து, 2001-இல் எக்ஸ்பியாக உள்ளே வந்தது. வழியில் ஒரு சமரசமும் செய்தது: 3.51 வரை தனிப் புராசஸில் இருந்த ஜன்னல், வரைதல் கோடை 4.0-இல் வேகத்துக்காக கெர்னலுக்குள் இழுத்துக்கொண்டார்கள். மோசமான கிராஃபிக்ஸ் டிரைவர் ஒன்று மொத்த மெஷினையும் கவிழ்க்க அதனால் வழி பிறந்தது. என் கணக்கில் 3.51-தான் கட்டுமானத்தில் நேர்மையான என்டி.

ஆப்பிளும் இதே குழியில்தான் கிடந்தது. ஒன்பதாம் பதிப்பு வரை மேக்கில் மெமரிப் பாதுகாப்பு கிடையாது. அதைச் சரிசெய்யக் கிளம்பிய கோப்லாண்ட் திட்டம் 1996-இல் கைவிடப்பட்டது. நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கி, அந்த யுனிக்ஸ் அடித்தளத்தின் மேல் 2001-இல் மேக் ஓஎஸ் டென் வந்தது. அதைச் சோதிக்க என்னிடம் பவர்பிசி மெஷின் இல்லை.

கார்டைப் படித்தபோது

முடிந்ததும் ஒவ்வொரு கார்டையும் லினக்ஸ் லேப்டாப்பில் செருகி இமேஜ் எடுத்தேன். எஃப்டிஸ்க்கில் பார்த்தால் வார்ப் கார்டுக்கும் என்டி கார்டுக்கும் பார்ட்டிஷன் வகை எண் ஒன்றே: 7. ஹெச்பிஎஃப்எஸ்ஸுக்குக் கொடுத்த எண்ணை என்டிஎஃப்எஸ்ஸும் எடுத்துக்கொண்டது, எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் பிரித்த விண்டோஸ் டிஸ்க்கில் இன்றும் அதுதான் தொடர்கிறது. என்டி கார்டின் சிஸ்டம்32-க்குள் ஓஎஸ்2எஸ்எஸ் என்று ஒரு கோப்பு. ஓஎஸ்/2 1.x காலத்து எழுத்துத்திரைப் புரோகிராம்களை ஓட்ட வைத்திருந்த துணைத்தளம். 2000-இலும் இருக்கிறது, எக்ஸ்பியில் கழற்றிவிட்டார்கள். கொடுக்கல் வாங்கல் மறுபக்கமும் உண்டு. ஐபிஎம் தன் ஜேஎஃப்எஸ் கோப்பு முறையை லினக்ஸுக்குக் கொடுத்தபோது, கொடுத்தது ஓஎஸ்/2-வுக்கு எழுதிய கோடிலிருந்து வந்ததை.

தமிழ்க் கோப்பு

கடைசியாக, யுனிகோடு 16-பிட்டில் சேமித்த ஒரு தமிழ்க் கோப்பை மூன்று விண்டோஸ்களிலும் நோட்பேடில் திறந்தேன். 95 அதை யுனிகோடு என்றே அறியவில்லை, குப்பையாகக் கொட்டியது. என்டி 4.0 உள்ளுக்குள் முழுக்க யுனிகோடு. எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வரிசையாகக் கட்டங்களைக் காட்டியது. எத்தனை எழுத்து என்று தெரிகிறது, ஆனால் தமிழ் ஃபான்ட்டும் இல்லை, கொம்பை முன்னால் தள்ளுகிற வேலையைச் செய்ய ஆளும் இல்லை. 2000-இல் லதா ஃபான்ட்டோடு சரியாக வந்தது. ஆனால் தானாக வராது. கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் ஆப்ஷன்ஸ் போய், மொழிப் பட்டியலில் இண்டிக் என்பதை டிக் செய்ய வேண்டும். அது உடனே இன்ஸ்டால் சிடியைக் கேட்கும், எடுத்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். முடிந்ததும் ஒரு ரீஸ்டார்ட்.